ஓவியம் சோறு போடுமா? பாட்டிக் துணி விற்ற காசில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமம்!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தாண்டித்தான் போகணும். பலர் அதை ரிசார்ட் என்றே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அது ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே சம்பாதித்த காசில் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். எப்படிச் சாத்தியமானது?

என்ன பிரச்சினை?

1960களின் தொடக்கத்தில் சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே திறமையான மாணவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் அவர்களின் படத்தை வாங்க ஆள் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போனால் தூரிகையைத் தொடவே நேரம் கிடைக்காது.

கைவினை கொடுத்த வழி

படம் விற்காவிட்டாலும் கைவினைப் பொருள் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். பணிக்கர் வழிகாட்டுதலில் ஓவியர்கள் கைவினைச் சங்கம் தொடங்கப்பட்டது. துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாட்டிக் வேலைதான் இவர்களுக்குக் கைகொடுத்தது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, மற்ற இடத்தில் ஏறும். ஓவியரின் கோடு அப்படியே துணியில் இறங்கும். நாளில் கொஞ்ச நேரம் கைவினை, மிச்ச நேரம் சொந்த ஓவியம். இதுதான் ஏற்பாடு.

நிலம் வாங்கிய கதை

பாட்டிக் விற்ற பணத்தைக் கொண்டு 1966இல் இஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இன்றைய ஈ.சி.ஆர். அப்போது கிடையாது. மணல்வெளி, கூரைக் கொட்டகை, மின்சாரமும் இல்லை. சோழர் ஆண்ட கரை என்பதால் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆனதும் இதே பெயர்தான்.

மண்ணின் அடையாளம் எங்கே?

ஐரோப்பிய பாணியை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது என்பது இவர்களின் பிடிவாதம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டமும் மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்களும் படமாக மாறின. ஜே.சுல்தான் அலி நாட்டார், பழங்குடி உருவங்களை எடுத்துக்கொண்டார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகத் தகட்டில் சிற்பம் செய்தார். கலை வரலாற்றில் இதற்கு 'மெட்ராஸ் இயக்கம்' என்று பெயர்.

எப்படித் தாக்குப்பிடித்தது?

பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் கலையவில்லை. காரணம், எல்லாம் ஒருவர் கையில் இல்லை. கிராமத்தை நிர்வகிப்பதும் படைப்புகளை விற்பதும் சங்கத்தின் பொறுப்பு. விற்பனையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குப் போகும். 2009இல் மெட்ராஸ் இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் இங்கே திறக்கப்பட்டது. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம்.

சொந்த ஊரில் கலை மையம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கட்டடத்துக்குத்தான் நன்கொடை தேடுவார்கள். சோழமண்டலத்தில் வரிசையே வேறு. முதலில் விற்கக்கூடிய ஒரு கைவேலை, அடுத்து சங்கம், அதற்குப் பிறகுதான் நிலமும் வீடும்.