ஊதி வைத்த கணக்கு

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்ததில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தப்பியவர்களும், பிறகு இடிபாடுகளைத் தோண்ட வந்தவர்களும் சுவாசித்தது வெறும் புகையல்ல. பொடியான சிமென்ட், கண்ணாடி இழை, கல்நார் எல்லாம் கலந்த, காரம் மிகுந்த தூசு. இடிபாட்டுக்குள் நெருப்பு டிசம்பர் வரை கனன்றது. ஆனால் செப்டம்பர் 18-ஆம் தேதியே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, காற்றைப் பயமின்றிச் சுவாசிக்கலாம் என்று அறிவித்துவிட்டது. அப்படிச் சொல்லப் போதிய தரவு அப்போது இல்லை என்று அதே முகமையின் தணிக்கைப் பிரிவு 2003-இல் ஒப்புக்கொண்டது. சுவாசக் கவசம் அணியாதது வீரர்களின் தவறுதானே என்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். முதுகில் சுமக்கும் காற்று உருளை சிறிது நேரமே தாங்கும். தோண்டும் வேலையோ மாதக்கணக்கில் நடந்தது.

முதல் ஆறு மாதங்களில் 332 வீரர்கள், நான்கு வாரமாவது விடுப்பு எடுக்க நேரும் அளவுக்கு இருமினார்கள். நுரையீரல் கெட்ட எந்தத் தொழிலாளியிடமும் முதலில் கேட்கப்படுவது சிகரெட்டைப் பற்றித்தான். இங்கே அந்தக் கேள்வி எடுபடவில்லை. வீரர்கள் மருத்துவப் பரிசோதனையில் குழாய்க்குள் மூச்சை இழுத்து ஊத, முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று தீயணைப்புத் துறை கோபுரங்கள் சரிவதற்கு முன்பிருந்தே அளந்து வைத்திருந்தது. மீட்பு மருத்துவப் பணியாளர்களையும் சேர்த்து 12,781 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. புகைப்பழக்கமே இல்லாத வீரர்கள்கூட முதல் ஆண்டில் சராசரியாக 439 மில்லிலிட்டர் இழந்திருந்தார்கள். வயதாவதால் ஆண்டுக்குக் குறைவது சுமார் 30 மில்லிலிட்டர்தான். அடுத்த ஆறு ஆண்டுகளிலும் இழந்தது திரும்பவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றியது. மீட்புப் பணி செய்த அரசு ஊழியருக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால், அவை பணியால் வந்தவை என்றே அனுமானிக்க வேண்டும். மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். கண்டவரெல்லாம் பணம் கேட்டு வருவார்களே என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் அனுமானம் தீர்ப்பு அல்ல, அதை உடைக்கலாம்; உடைப்பதற்கான பதிவேடும் வேலை கொடுத்தவரிடமே இருக்கிறது. வேலையில் சேரும்போது உடற்பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அச்சட்டம் வைத்தது. 2011 ஜனவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஜட்ரோகா சட்டம் என்ற மத்தியச் சட்டம் வழியே, அந்தத் தூசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வந்த மருத்துவத் திட்டம், 2015-இல் 2090 வரை நீட்டிக்கப்பட்டது.

அக்கம்பக்கக் கட்டடங்களில் அதே தூசைக் கூட்டி அள்ளிய கூலித் தொழிலாளர்களும் இத்திட்டத்துக்குள் வந்தார்கள். ஆனால் ஒப்பிட்டுக் காட்ட அவர்களிடம் பழைய அளவு எதுவும் இல்லை. நோய்க்குப் பிறகு தரும் இழப்பீட்டைவிட, தூசிலும் புகையிலும் வேலை செய்யும் யாருக்கும் சேரும் நாளிலேயே மூச்சை அளந்து எழுதிவைப்பதைத்தான் சட்டம் முதலில் கட்டாயமாக்க வேண்டும்.