சாக்பீஸ் மேல் ஓர் ஊர்

1969. வட கடலில், நார்வேயின் பகுதியில் எண்ணெய் தேடிக் களைத்துப் போயிருந்தது அமெரிக்காவின் பிலிப்ஸ் கம்பெனி. மூட்டை கட்டிவிடலாம் என்றுகூட யோசனை. ஆனால் துளைபோடும் மிதவை மேடையை ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுத்தாயிற்று. சும்மா நிறுத்திவைப்பதற்குப் பதில் இன்னொன்று தோண்டிப் பார்ப்போமே! தோண்டினார்கள். கிடைத்தது எகோஃபிஸ்க். நார்வே பணக்கார நாடான கதை இங்கேதான் ஆரம்பம்.

பூமிக்கடியில் எண்ணெய், ஏரி மாதிரி தளும்பிக்கொண்டு இருக்காது. பாறையின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கும். எகோஃபிஸ்கில் சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது அசல் சாக். (இப்போது கரும்பலகையில் எழுதுவது பெரும்பாலும் ஜிப்சம். அது வேறு.) கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் செத்துப்போன நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் படிந்து உண்டான பாறை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம்! ஆனால் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகும் சந்து ரொம்பக் குறுகல். வீடு பெரிசு, வாசல் சிறிசு. பாறையில் இயற்கையாக விழுந்திருந்த விரிசல்கள்தான் எண்ணெய்க்கு நெடுஞ்சாலை. அப்படியும் இருப்பதில் 17 சதவிகிதம் தேறினால் அதிகம் என்றார்கள்.

1971-ல் உற்பத்தி தொடங்கியது. 1984-ல் ஒரு விநோதம். கடலில் நிற்கும் கான்கிரீட் எண்ணெய்த் தொட்டியின் அலைத்தடுப்புச் சுவரில் வரிசை வரிசையாக ஓட்டைகள் உண்டு. நீருக்கு மேலே தெரியவேண்டிய வரிசைகளில் சில குறைந்திருந்தன. கடல் ஏறவில்லை. தரை இறங்கியிருந்தது, சுமார் 3 மீட்டர்!

காரணம் இதுதான். மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் சாக் மட்டுமல்ல, துளைகளில் இருந்த எண்ணெயின் அழுத்தமும் சேர்ந்து தாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, துளைகள் நசுங்கிவிட்டன. மேலே மனிதர்கள் வேலை பார்த்து, சாப்பிட்டு, தூங்கும் மேடைகள். வட கடலின் புயல் அலைக்கு 3 மீட்டர் என்பது சின்ன விஷயமில்லை.

1987-ல் மேடைகளின் கால்களை வெட்டி, ஜாக்கி வைத்து, 6 மீட்டர் உயர்த்தினார்கள். லாரிக்கு டயர் மாற்றுகிற அதே உத்தி! அதே வருடம் பாறைக்குள் பெரிய அளவில் கடல்நீரைச் செலுத்த ஆரம்பித்தார்கள். அழுத்தம் திரும்பினால் தரை நின்றுவிடும் இல்லையா?

ம்ஹூம். அழுத்தம் ஏறியது, தரையும் இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பட்டால் சாக் இன்னும் பலவீனமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. கணக்குப் போட்டவர்கள் துளையைப் பார்த்தார்கள், அதன் சுவரை மறந்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நசுங்கலே எண்ணெயைப் பிழிந்தும் தள்ளியது. தண்ணீரும் சேர்ந்துகொள்ள, பழைய 17 சதவிகிதக் கணக்கு 50-ஐத் தாண்டிவிட்டது. தரை இதுவரை 9 மீட்டருக்கு மேல் இறங்கியாயிற்று. 1998-ல் வந்த புது மேடைகளை, கீழே இன்னும் இறங்கும் என்று ஒப்புக்கொண்டே, உயரமாகக் கட்டினார்கள்.