கலைப்பயிற்சியும் தொழில்முனைவும்: சென்னைக் கலைப்பள்ளி வரலாற்றில் இரு முயற்சிகள்

கைத்திறன் கற்றவர் அதனைக் கொண்டே பிழைக்க இயலுமா என்னும் வினா இந்தியக் கலைக்கல்வி வரலாற்றில் தொடர்ந்து எழுந்து வந்துள்ளது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் அவ்வினாவுக்கு இருமுறை விடை தேடப்பட்டது.

முதலாவது முயற்சி ஆல்பிரட் சாட்டர்டனுடையது. பொறியியல் பேராசிரியரான அவர் பள்ளிப் பொறுப்பையும் வகித்தபோது, 1898 அளவில் அங்கு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பித்தளை, செம்புத் தகடுகளை அடித்துப் பழகிய கன்னார்களின் கைப்பழக்கம் புதிய உலோகத்துக்கும் பொருந்தும் என்பதே அவர்தம் கணிப்பு. கணிப்பு பொய்க்கவில்லை. 1903இல் அத்தொழில் தனியார் குழுமம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. முதலீட்டின் இடர்ப்பாட்டை அரசு ஏற்றது. தொழில் நிலைபெற்றதும் ஆதாயம் முதலாளிகளைச் சேர்ந்தது. உளியும் சுத்தியும் பிடித்தவர் கூலியாளராகவே நின்றனர் என்பதைச் சாட்டர்டனைப் போற்றுவோர் பெரிதும் பேசுவதில்லை. அரசே தொழில் நடத்தும் இத்தகைய முறையை 1910இல் இந்தியா அமைச்சரான மார்லி ஏற்க மறுத்தார்.

1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வரான பின் ஓவியமும் சிற்பமும் பள்ளியில் முதன்மை பெற்றன. கல்வியின் தரம் உயர்ந்தது; ஆயினும் பயின்றோரின் பிழைப்பு பற்றிய வினா அப்படியே நின்றது. 1957இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் அதனை நேரடியாக எதிர்கொண்டார். பயிற்சி முடித்தவர் வேறு வேலைகளுக்குச் சென்று தூரிகையைக் கைவிடுவது அவரை வருத்தியது. ஓவியம் விற்காத காலத்தில் ஓவியர் எதை விற்பது? பத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் விற்கலாம் என்பது அவர் விடை. மாணவர்களும் இளங்கலைஞர்களும் சங்கமாகக் கூடினர். விற்பனையில் ஒரு பங்கு பொதுநிதியாயிற்று. அந்நிதியின் துணையுடன் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தின் கடற்கரை மணலில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால் முதலியோர் அதனோடு இணைந்தோராவர்.

இரண்டையும் ஒருங்கு நோக்கின், வேறுபாடு திறனில் இல்லை. உடைமையில் உள்ளது எனலாம். அலுமினியப் பட்டறை கைவினைஞர்க்குக் கூலியைத் தந்தது. பத்திக் துணியோ அதைச் செய்தவர்க்கே நிலத்தைத் தேடித் தந்தது. வணிகம் கலையைக் கெடுக்கும் என்னும் அச்சம் இங்கு ஓரளவே பொருந்தும். கைவினைக்கு நாளின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, எஞ்சிய பொழுது ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமெனக் காக்கப்பட்டது. பள்ளிப் பாடத்திட்டத்தில் இல்லாத விலை நிர்ணயமும் கணக்கும் சங்கத்தின் வழியே கற்கப்பட்டன. பணிக்கர் 1977இல் மறைந்தார். பின்னர் ஓவியங்களுக்கே வாங்குவோர் பெருகியபோது கைவினை உற்பத்தி படிப்படியாகக் குறைந்தது.