ஒரிஜினல் லெதரா, ரெக்சினா? கட்டிலுக்கு ஹெட்போர்டு ஆர்டர் பண்ணும் முன் திண்டுக்கல்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

மலைக்கோட்டைப் பாறை திண்டு மாதிரி இருப்பதால்தான் நம்ம ஊருக்குத் திண்டுக்கல்னு பேர் வந்ததாகச் சொல்வாங்க. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, சாஞ்சு உட்கார ஒரு நல்ல திண்டு இல்லைன்னா எப்படி? தலையணையைச் சுவத்துல முட்டுக்கொடுத்து போன் பார்த்து, கழுத்து வலியும் சுவத்துல எண்ணெய்க் கறையும் வந்ததுக்கு அப்புறம்தான் பலருக்கும் குஷன் வெச்ச ஹெட்போர்டு ஞாபகம் வருது. அளவு சொல்லிச் செய்யலாம்னு குஷன் கடைக்குப் போனா, முதல் கேள்வியே, "ரெக்சினா, லெதரா?"

கலர் பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்லை இது. பட்ஜெட், நம்ம ஊர் வெயில், உங்க தலையில் இருக்கிற தேங்காய் எண்ணெய், நம்ம கிணத்துத் தண்ணி எல்லாமே இதுல சம்பந்தப்பட்டிருக்கு. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல்ல, எது எது?

கடையில் 'லெதர்'னு காட்டுற சாம்பிள் புக்ல இருக்கிறது பெரும்பாலும் லெதரே கிடையாது.

ரெக்சின்: இது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் தயாரான ஒரு செயற்கைத் தோலோட பிராண்டு பேரு. நம்ம ஊர்ல எல்லா செயற்கைத் தோலுக்கும் அதுவே பேராகிடுச்சு. இப்போ ரெக்சின்னு விக்கிறது பெரும்பாலும் துணி மேல பி.வி.சி. பூசினது.

பி.யு. லெதர்: துணி மேல பாலியூரித்தேன் பூசினது. பி.வி.சி.யை விட மெத்துனு, தொட்டா நிஜத் தோல் மாதிரியே இருக்கும்.

பாண்டட் லெதர்: தோல் வெட்டும்போது விழுற துண்டு, தூளை எல்லாம் பசை போட்டு ஒட்டி, மேலே பி.யு. பூசினது. பேர்ல லெதர் இருக்கு, உழைப்பில் இல்லை. உரிய ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.

நிஜத் தோல்: இதுலயும் தரம் உண்டு. தோலோட மேல் அடுக்கை அப்படியே விட்டது ஃபுல் கிரெய்ன். லேசா தேய்ச்சுச் சமப்படுத்தினது டாப் கிரெய்ன். மேல் அடுக்கை உரிச்ச பிறகு மிஞ்சுற அடிப்பாகம் ஸ்ப்ளிட். 'ஜெனியூன் லெதர்'னு முத்திரை இருந்தா, "தோல்தான், ஆனா எந்த அடுக்கு?"னு கேளுங்க. அந்த முத்திரை உயர்ந்த தரத்துக்கான உத்தரவாதம் இல்லை.

தோல் ஊர்ல தோல் கிடைக்காதா?

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை, ஈரோடு வரிசையில் திண்டுக்கல்லும் தமிழ்நாட்டோட தோல் பதனிடும் ஊர். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரியான தாவரப் பொருள்களை வெச்சுப் பதனிடுற 'இ.ஐ. லெதர்' பிரிட்டிஷ் காலத்துல இருந்தே ஏற்றுமதியான சரக்கு. அதுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு.

ஆனா ஒரு சிக்கல். தாவர முறையில் பதனிட்ட தோல் கொஞ்சம் விறைப்பா இருக்கும். மேல்பூச்சு கொடுக்காம விட்டா தண்ணி, எண்ணெய் பட்ட இடம் கறுத்துப்போகும். பை, பெல்ட், செருப்புக்கு அது அருமை. சோபா, ஹெட்போர்டுக்கு வர்ற மெத்துனு இருக்கிற தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பால் பதனிட்டு, சாயமும் பூச்சும் கொடுத்தது. அதனால், "தோல் ஷாப்ல நேரா போய் வாங்கிடலாம்"னு கிளம்பும் முன், ஃபர்னிச்சருக்கான ஃபினிஷ் பண்ணின தோலான்னு கேட்டுக்கங்க. பதனிடும் ஆலைகள் மொத்த வியாபாரத்துக்கானவை. ஒரு கட்டிலுக்கான தோலைச் சில்லறையா வெட்டித் தரணும்னு எதிர்பார்க்க முடியாது. குஷன் வேலை செய்றவர் மூலமா வரவழைக்கிறதுதான் நடைமுறை.

கணக்கு போடுவோம்

5 அடி அகலக் கட்டில். ஹெட்போர்டு 3 அடி உயரம். பலகையைச் சுத்தி மடிச்சுப் பின்னால் பின் அடிக்க, நாலு பக்கமும் 4 இஞ்ச் கூடுதல் வேணும். ஆக, 68 இஞ்சுக்கு 44 இஞ்ச். கிட்டத்தட்ட 21 சதுர அடி.

ரெக்சின் மீட்டர் கணக்கு. ரோல் அகலம் வழக்கமா 54 இஞ்ச். உங்க உயரம் 44 இஞ்ச்தான் என்பதால், ரோலைப் படுக்கப் போட்டா 2 மீட்டரில் ஜாயின்ட் இல்லாம முடிஞ்சிடும். சில நூறு ரூபாய் மீட்டர் ரெக்சின்னா மெட்டீரியல் செலவு பயமுறுத்தாது.

தோல் சதுர அடிக் கணக்கு. அதோட வடிவம் சதுரம் இல்லை. கால், கழுத்து, வயிறுன்னு நெளிஞ்சு நெளிஞ்சு இருக்கும். வெட்டும்போது கால்வாசி வீணாகும்னு வெச்சா 28 சதுர அடி வாங்கணும். சதுர அடி விலையே மூணு இலக்கத்தில் இருக்கும்போது மொத்தம் எங்கே போகும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. அதோட, ஒரு ஆட்டுத்தோல் நாலஞ்சு சதுர அடிதான் தேறும். நாட்டு மாட்டுத்தோலும் ஒரே துண்டா இந்த அளவுக்கு வர்றது கஷ்டம். அதனால் நிஜத் தோல்னா, நெட்டுக்குத்தா நாலஞ்சு பேனலாப் பிரிச்ச டிசைன்தான் புத்திசாலித்தனம். தையல் டிசைனாவே தெரியும், வீணும் குறையும்.

பட்டன் வெச்சுக் குழி விழற டிசைன்னா ரெண்டுக்குமே மெட்டீரியல் கூடும். குழியில் தூசி சேரும். உரிய ஆரம்பிக்கிறதும் பெரும்பாலும் அந்த மடிப்புல இருந்துதான்.

வெயில், வேர்வை, தேங்காய் எண்ணெய்

வெளிநாட்டு வீடியோவில் சொல்லாத விஷயம் எண்ணெய். தினமும் தலைக்கு எண்ணெய் வெச்சுட்டுச் சாயும் வீடு நம்மது.

பி.வி.சி. ரெக்சின்ல எண்ணெய் உடனே ஊறாது, துடைச்சா போயிடும். ஆனா ரெக்சினை வளைய வைக்கிற ஒரு ரசாயனத்தை எண்ணெயும் வெயிலும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே இழுத்துடும். அப்புறம் அது விறைச்சு, வெடிக்கும். கோடையில் முதுகு ஒட்டிக்கிற பிரச்னையும் இதுக்குத்தான் அதிகம்.

பி.யு. பார்க்க அழகு. எதிரி ஈரமும் சூடும். காத்துல இருக்கிற ஈரமே பூச்சை மெல்ல உடைக்கும். மலிவான பி.யு. சில வருஷத்திலேயே செதில் செதிலா உதிர்ந்து தலையணை உறையில் ஒட்டும். பயன்படுத்தாம மூடி வெச்சாலும் இது நடக்கும்.

நிஜத் தோல் எண்ணெயை உறிஞ்சும். தலை படுற இடம் மட்டும் கறுத்து வட்டமா நிக்கும். ஆனா உரியாது. வெயில் நேரா பட்டா நிறம் மங்கும், காய்ஞ்சு வெடிக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை லெதர் கண்டிஷனர் தடவினா பல வருஷம் உழைக்கும்.

எதை வாங்கினாலும் மூணு விதி. மேற்கு ஜன்னல் வெயில் நேரா விழற சுவத்துல ஹெட்போர்டு வேண்டாம். சானிடைசர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம். ஈரத்துணியும் ஒரு சொட்டு மைல்டு சோப்பும் போதும். தலை படுற இடத்துக்குக் கழட்டித் துவைக்கிற மாதிரி ஒரு பருத்தி உறை தெச்சுக்கங்க. சின்னாளப்பட்டி சுங்குடித் துணியில் தெச்சா, கறையும் தெரியாது, அறைக்கும் நம்ம ஊர் அடையாளம் வந்துடும்.

நிஜமா, போலியா? கடையிலேயே பாருங்க

பின்பக்கம் திருப்புங்க. நெய்த துணி தெரிஞ்சா செயற்கை. நார் நாரா, சொரசொரன்னு இருந்தா தோல். விரலால் அழுத்தினா நிஜத் தோல் ஒழுங்கில்லாத சுருக்கம் காட்டும். செயற்கை அப்படியே குழிஞ்சு திரும்பும். மேல் டிசைன் ஒரே அச்சுல திரும்பத் திரும்ப வந்தா சந்தேகப்படுங்க. கடைக்காரர் சம்மதிச்சா ஒரு வெட்டுத்துண்டைக் கடைக்கு வெளியே இடுக்கியில் பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. முடி கருகுற வாசம் வந்தா தோல். உருகி உருண்டையாகி பிளாஸ்டிக் வாசம் வந்தா செயற்கை. பாண்டட் லெதர் ரெண்டு வாசமும் காட்டும், அதனால் வெட்டின ஓரத்தையும் சேர்த்துப் பாருங்க.

கிணத்துத் தண்ணியும் இதுல இருக்கு

"நிஜத் தோல் இயற்கையானது, ரெக்சின் பிளாஸ்டிக்"னு ஒரே வரியில் முடிக்க நம்ம ஊர்ல முடியாது. 1996 ஆகஸ்ட்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் திண்டுக்கல்லும் இருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டதா ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த ஆய்வை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுது. ஒரு கிலோ தோல் தயாராக சுமார் 35 லிட்டர் தண்ணி போகுதுன்னும் சொல்லுது. திண்டுக்கல் உட்பட பல மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிச்சதும், 'மாசுபடுத்துறவரே விலை கொடுக்கணும்' என்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியா ஏத்துக்கிட்டதும் அதே தீர்ப்புதான்.

தோல் கெடாம இருக்கப் போடுற உப்பும், பதனிடுற ரசாயனமும் கழிவு நீரில் சேர்ந்து நிலத்துக்குப் போனா, அந்தக் கிணறு சீக்கிரம் மீளாது. மறுபக்கம், இந்தத் தொழிலை நம்பி இங்கே பல குடும்பங்கள் இருக்கு. தோலும் இறைச்சிக்காக அறுத்த ஆடு, மாட்டோட மிச்சம்தான். ரெக்சினும் யோக்கியம் இல்லை. பெட்ரோலியத்துல இருந்து வந்து, உரிஞ்சதும் குப்பைமேட்டுக்குப் போய், மக்காம கிடக்கும். 3 வருஷத்துக்கு ஒரு பி.யு. மாத்துறவரை விட, 15 வருஷம் ஒரே ஹெட்போர்டைப் பயன்படுத்துறவர் குறைவான குப்பைதான் போடுவார். எது வாங்கினாலும் நீண்ட நாள் வெச்சிருக்கிறதுதான் நம்ம கையில் இருக்கிற பெரிய விஷயம்.

அப்போ எது யாருக்கு?

வாடகை வீடு, இன்னும் சில வருஷத்தில் மாறுவீங்கன்னா: கனமான, நல்ல தரப் பி.வி.சி. ரெக்சின். பி.யு.வை விட நம்ம சூட்டுக்குத் தாங்கும்.

சின்னப் பசங்க, பூனை இருக்கிற வீடு: ரெக்சின்தான். பூனை நகம் பட்டா நிஜத் தோலில் கீறல் மறையாது, மனசு தாங்காது.

சொந்த வீடு, பட்ஜெட் இருக்கு: டாப் கிரெய்ன் தோல், பேனல் டிசைன்.

வீட்டுப் பெரியவங்க படுக்கையில் தோல் வேண்டாம்னா, இல்லை நீங்களே விலங்குப் பொருள் தவிர்க்கிறவர்னா: கனமான பருத்தித் துணியைக் கழட்டித் துவைக்கிற ஜிப்போட கேளுங்க. வேர்வைக்கும் அதுதான் சுகம்.

பட்ஜெட் நடுவுல இருந்தா பாண்டட் லெதர்ல மாட்டிக்காதீங்க. அந்தப் பணத்துக்கு நல்ல ரெக்சினும் நல்ல ஃபோமும் வாங்கலாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்வி

1. மேலே போடுறது என்ன மெட்டீரியல்? பில்லுல பேரை எழுதித் தருவீங்களா?
2. ஃபோம் என்ன டென்சிட்டி? சாயுற இடத்துக்கு 32 இல்லைன்னா 40 கேளுங்க. மட்டமான ஃபோம் சீக்கிரம் அமுங்கிடும்.
3. உள்ளே பிளைவுட்டா, பார்ட்டிகிள் போர்டா? கரையானுக்கு மருந்து அடிச்சதா?
4. சுவத்துல ஓதம் இருந்தா இடைவெளி விட்டு மாட்டுவீங்களா?
5. மேல் துணியை மட்டும் பின்னாடி மாத்த முடியுமா?

அஞ்சாவது கேள்விக்கு 'முடியும்'னு சொல்றவர்கிட்டயே வேலையைக் கொடுங்க. பலகையும் ஃபோமும் நல்லா இருந்தா, ரெக்சின் உரிஞ்சாலும் ஹெட்போர்டு போகாது. 2 மீட்டர் மெட்டீரியலும் ஒரு நாள் கூலியும்தான். மிச்சம் கிடக்கிற வெட்டுத்துண்டையும் கேட்டு வாங்கி வெச்சுக்கங்க. கீறல் விழற அன்னைக்கு ஒட்டுப்போட உதவும்.