ஆராதனைக்கு உழைத்த கைகள்

1980-களில் நான் திருப்பதியில் உத்தியோகத்தில் இருந்தபோது, தியாகராஜ உற்சவத்தில் ஒத்தாசை செய்ய வரச்சொன்னார்கள். எனக்குப் பாட வராது, படித்ததோ பௌதிகம். ஜமக்காளம் விரிப்பது, ரயிலடிக்குப் போய் வித்வான்களை அழைத்து வருவது, பந்தியில் மோர் ஊற்றுவது, இவைதான் என் கைங்கர்யம். பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடிய நேரம் முழுவதும் சமையல்கட்டில் இருந்தேன். கடைசி ஸ்ரீராகம் மட்டும் அரைகுறையாகக் காதில் விழுந்தது. திருவையாற்றில் இந்த வேலைகளையெல்லாம் யார் செய்தார்கள் என்று தேடிப் படிக்கும் ஆசை அன்றுதான் வந்தது.

முதலில் நம் ஜில்லாவின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் ஜில்லா தனியாகப் பிரியும்வரை, வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் சித்தூர்தான். அந்த வட ஆற்காட்டு ஊர்களில் ஒன்று வாலாஜாபேட்டை. ஸ்வாமிகளின் சிஷ்யர் வேங்கடரமண பாகவதரும் அவர் குமாரர் கிருஷ்ணஸ்வாமி பாகவதரும் அங்கே இருந்துகொண்டு, கீர்த்தனைகளையும் ஸ்வாமிகளின் சரித்திரக் குறிப்புகளையும் எழுதிப் பாதுகாத்தார்கள். அந்தச் சுவடிகள் மதுரை ஸௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்வாமிகள் திருமலைக்கு வந்தபோது சந்நிதியில் திரை போட்டிருந்ததாகவும், 'தெரதீயகராதா' பாடியதும் திரை விலகியதாகவும் நாம் எல்லோரும் கேட்ட கதை உண்டு. ஆனால் உட்கார்ந்து எழுதி வைத்தவர்கள் இல்லாவிட்டால் கதையும் நமக்கு வந்திராது, கீர்த்தனையும் வந்திராது.

ஸ்வாமிகள் ஸித்தியடைந்தது 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமி. அதன்பின் சிஷ்யர்கள் அவரவர் ஊரில் அந்தத் திதியை அனுஷ்டித்தார்கள். காவிரிக் கரையில் ஸமாதி கவனிப்பாரில்லாமல் போயிற்று. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைத் தேடிப் புதுப்பித்தார்கள். ஸ்வாமிகளிடம் நேரே பயின்ற அந்த இருவரும் அப்போது முதியவர்கள். சில வருஷங்களில் ஆராதனை பெரிய அளவில் நடக்க ஆரம்பித்தது; கூடவே சண்டையும் ஆரம்பித்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து, தனித்தனியாக வசூல், தனித்தனியாகக் கச்சேரி, தனித்தனியாகச் சமாராதனை! வித்வத்துக்கு ஒரு குறைவும் இல்லாதவர்கள்தான்.

இந்த இடத்தில் பெங்களூர் நாகரத்னம்மாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தேவதாசி குலத்தில் பிறந்தவர், சென்னையில் பேரும் பொருளும் சம்பாதித்த பாடகி. 1921-இல் ஸமாதியின் நிலைமை தெரியவந்ததும் அங்கே போய் நிலத்துக்கு ஏற்பாடு செய்து கட்டட வேலையை ஆரம்பித்தார். தன் நகைகளையும் சொத்தையும் விற்றார். 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று நாம் பிரதக்ஷிணம் செய்யும் சந்நிதி அவர் கைப்பணத்தில் எழும்பியது. ஆனால் ஆராதனையில் பாட அவருக்கு அனுமதி இல்லை! பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிகளும் ஒரே கட்சி. நாகஸ்வர வித்வான்களுக்கும் சம மரியாதை கிடையாது. தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் ஆராதனைப் பெருமை பேசும்போது இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விடவில்லை. தேவதாசிகளைச் சேர்த்துக்கொண்டு ஸமாதியின் பின்புறத்தில் தாமே ஓர் ஆராதனை நடத்தினார். ஜனங்கள் அதைப் பெண்கள் கட்சி என்றார்கள். மூன்று கட்சிகள் ஆயின.

1940-இல்தான் சமரசம் ஏற்பட்டது. ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணஸ்வாமி முன்னின்று எல்லாக் கட்சிகளையும் ஒன்றாக்கினார். அரசாங்க உத்தியோகஸ்தன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. கோப்புகளைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வேலையும் நமக்குத் தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி. அடுத்த வருஷம் முதல் பஞ்சரத்னத்தைச் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. ஆணோ பெண்ணோ, ஐந்து கீர்த்தனையும் பாடமானவர் உட்காரலாம். நாகரத்னம்மாள் கடைசிவரை திருவையாற்றிலேயே இருந்தார். தன் உயிலில்கூட, பெண்கள் அங்கே பாடும் உரிமைக்குப் பங்கம் வரக்கூடாது என்று எழுதி வைத்தார். 1952-இல் காலமானார். ஸ்வாமிகளின் ஸமாதிக்கு எதிரே அவர் ஸமாதி இருக்கிறது. திருவையாறு போகும் அங்கத்தினர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

திருப்பதியில் பஞ்சரத்னத்தின்போது நான் ஏன் சமையல்கட்டில் இருந்தேன் என்று சொல்லவில்லையே. நாட்டை ராகம் ஆரம்பிக்கும் சமயம், சமையலுக்கு ஒத்தாசையாக இருந்த மாமிகள் நாலு பேரும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, ரசத்தைக் கொஞ்சம் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் பாடப் போய்விட்டார்கள். பார்த்துக்கொண்டேன். ஆனால் எப்போது இறக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அன்று பந்தியில் ரசம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது.