கொல்லத்து அச்சும் மறுமலர்ச்சிக் கால இலக்கண மரபும்

திருவனந்தபுரத்துச் சாலை இன்று அங்காடித் தெருவாகவே அறியப்படுகிறது. ஆயினும் இடைக்கால ஆவணங்களில் 'சாலை' என்னும் சொல் கல்வி நிலையத்தையும் குறித்தது. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை, இப்பகுதியை ஒட்டிய வலியசாலையைச் சுட்டும் என ஆய்வாளர் பலர் கருதுவர். கி.பி. 866ஆம் ஆண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவியதையும், அதற்குக் காந்தளூர் முறையே முன்மாதிரியாக இருந்ததையும் தெரிவிக்கிறது. அச்சாலையில் சேர்வோர்க்கு வேண்டிய தகுதிகளுள் வியாகரண அறிவும் ஒன்று.

இலக்கணமே கல்வியின் வாயில் என்னும் இக்கருத்து ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கும் உரியது. மறுமலர்ச்சியைத் தனிமனித விழிப்பின் காலமாகப் பர்க்கார்ட் 1860இல் தீட்டிய சித்திரம் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. பின்வந்த கிறிஸ்டெல்லர், மனிதநேயப் புலமை என்பது ஒரு தத்துவம் அன்று, இலக்கணம், அணியியல், வரலாறு, கவிதை, ஒழுக்கவியல் ஆகிய ஐந்தும் அடங்கிய ஒரு கல்வித்திட்டம் என்று நிறுவினார். ஓமாலி 1993இல் வெளியிட்ட 'முதல் இயேசு சபையார்' என்னும் நூல், அச்சபையாரின் சமயப்பணி இக்கல்வித்திட்டத்தில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதைக் காட்டியது. இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய எல்லைக்குள்ளேயே நின்றன. தமிழ் அச்சு வரலாறு எழுதியோரோ, 'முதல் நூல்' என்ற பெருமையைப் பதிவு செய்வதோடு அமைந்தனர். இவ்விரு துறையினரும் ஒருவரையொருவர் அறியாமற் போனதால் இழப்பு இரு பக்கத்துக்கும் நேர்ந்தது.

சாலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொல்லத்தில், சால்வதோர் கல்லூரியில், 1578 அக்டோபர் 20ஆம் நாள் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது. அது 16 பக்கச் சிறுநூல். கோவாவில் 1577இல் கொன்சால்வசும் கொல்லத்தில் 1578இல் பாரியாவும் தமிழ் அச்செழுத்துகளை உருவாக்கினர். நூலை ஆக்கியவர் ஹென்றீக்கஸ் அடிகளார். மனுவேல் தே சான் பேத்ரோ அவருக்குத் துணை நின்றார். ஹென்றீக்கஸ் போர்த்துக்கலின் விலா விசோசாவில் 1520இல் பிறந்து, கோயிம்பிராவில் பயின்று, 1546இல் இந்தியா வந்து, 1600இல் புன்னைக்காயலில் மறைந்தவர். யூத மரபினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையில் அவரால் நீடிக்க இயலவில்லை.

1549 அளவில் அவர் தமிழுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். இதன் காலம் கவனத்திற்குரியது. நெப்ரிகாவின் காஸ்டிலிய இலக்கணம் 1492இலும், ஒலிவேராவின் போர்த்துக்கீசிய இலக்கணம் 1536இலும், பாரோசின் இலக்கணம் 1540இலும் தோன்றின. ஐரோப்பாவின் வட்டார மொழிகள் இலத்தீனத்துக்கு நிகராக இலக்கணம் பெற்றுவந்த அதே தலைமுறையில், முத்துக்குளித்துறை மக்களின் பேச்சுத்தமிழும் அவ்வரிசையில் சேர்ந்தது. இலத்தீன் அறியாதார் பாரோசின் நூலைக் கற்றுவிட்டுத் தம் நூலுக்கு வருமாறு ஹென்றீக்கஸ் அறிவுறுத்துவதே இவ்வுறவுக்குப் போதிய சான்று.

இலத்தீன் வேற்றுமைச் சட்டகத்தைத் தமிழ்மீது ஏற்றினார் என்பது அவர்மீது வழக்கமாகக் கூறப்படும் குறை. இது உண்மையே. எனினும் அயல் சட்டகம் தமிழுக்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டிலேயே புத்தமித்திரர் வீரசோழியத்தில் வடமொழி இலக்கணத்தைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தார். சட்டகம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதற்குள் எந்தத் தமிழ் அகப்பட்டது என்பதே மொழியியலார்க்கு முதன்மையான வினா. புலவர் வழக்கு விலக்கிய பேச்சு வடிவங்கள் அங்கே பதிவாகியுள்ளன.

மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் சான்று ஒன்று இதற்கும் முந்தியது. சவேரியார் 1540களில் தமிழறிந்தோர் துணையுடன் செபங்களைப் பெயர்த்தபோது, 'நம்புகிறேன்' எனப் பொருள்படும் இலத்தீன் 'கிரேதோ' என்னும் சொல்லுக்கு 'எனக்கு வேணும்' என்ற தொடர் அமைந்துவிட்டது. இதனை உணர்ந்த அவர், தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், 'வேணும்' என்பது விருப்பத்தையே குறிக்கும், அதனை நீக்கி 'விசுவாசம்' என்னும் சொல்லை ஆளுக எனப் பணித்தார். ஒரு கூட்டத்தாரின் சமய ஒப்புதல் முழுவதும் ஒரே வினையில் தங்கியிருந்தது. அவ்வினை தவறானால் நம்பிக்கை வேண்டுகோளாகிவிடும். சவேரியார் தமிழில் வல்லுநர் அல்லர். அவ்வாறிருந்தும் பிழையைக் கண்டு திருத்தியது, சொல்லைச் சொல்லோடு ஒப்பிட்டு நோக்கும் மறுமலர்ச்சிப் பயிற்சியின் விளைவு எனலாம். அன்று புகுந்த வடசொல் கத்தோலிக்கத் தமிழில் நான்கு நூற்றாண்டுகள் நிலைத்தது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'நம்பிக்கை' என்பதை ஆள்கிறது.

இங்கு ஒரு முரண் விளக்கம் வேண்டுகிறது. உழவரும் நெசவாளரும் மறைநூலைத் தத்தம் மொழியில் அறிய வேண்டும் என்று எராஸ்மஸ் 1516இல் விரும்பினார். ஆனால் 1578க்குப் பின் தமிழில் வந்தவை வேதநூல்கள் அல்ல: மார்க்கோஸ் ஜோர்ஜின் வினாவிடை நூலைப் பெயர்த்த 'கிரீசித்தியானி வணக்கம்' (கொச்சி, 1579), 'கொம்பெசியொனாயரு' (1580), 'அடியார் வரலாறு' (1586) என்பனவே. தமிழில் விவிலியம் பெயர்க்க இயலாமையால் இவ்வாறு நேர்ந்ததென்று கொள்வது பொருந்தாது. திரெந்துப் பொதுச்சங்கத்தை (1545–1563) ஒட்டித் தாய்மொழி விவிலியத்துக்குக் கட்டுப்பாடு இறுகிற்று. வினாவிடைக்கும் அடியார் கதைக்கும் ஊக்கம் மிகுந்தது. புதிய ஏற்பாடு தமிழில் அச்சேற 1715 வரை, சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகம் வரை, காத்திருக்க நேர்ந்தது. ஐரோப்பியச் சமயப் பூசல் தமிழ் உரைநடையின் முதல் அச்சு நூல்களுடைய வகையையே தீர்மானித்திருக்கிறது.

மொழிப்பெயர் பற்றிய சிக்கல் கேரள ஆய்வாளர்க்கு அணுக்கமானது. போர்த்துக்கீசியர் தமிழையும் 'மலபார்' என்றே வழங்கினர். பதினான்காம் நூற்றாண்டு லீலாதிலகம் கேரளத்துப் பேச்சைச் சோழ, பாண்டியர் தமிழினின்று வேறுபடுத்திய பின்னரும், கடற்கரையில் வந்திறங்கியவர்க்கு அவ்வெல்லை புலப்படவில்லை. கொல்லத்தில் அச்சானது என்பதால் 1578ஆம் ஆண்டு நூலை மலையாளத்தின் முதல் நூலாகக் கொள்வதற்கு அதன் மொழி இடந்தராது.

லிஸ்பனில் உள்ள ஹென்றீக்கஸ் இலக்கணச் சுவடியை 1982இல் வெர்மீர் வெளியிட்டார். 2013இல் ஜீன் ஹெயினும் வி.எஸ். ராஜமும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பையும் ஆய்வையும் தந்தனர். லிஸ்பனில் 1554இல் மூன்று தமிழர் பெயரால் உரோமன் எழுத்தில் வெளிவந்த 'கார்த்தில்யா'வையும் 1578, 1579ஆம் ஆண்டு நூல்களையும் இவ்விலக்கணத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட இன்று தடையில்லை. அவ்வொப்பீட்டைத் தம்பிரான் வணக்கத்தின் முகப்பிலேயே தொடங்கலாம். 'மொழிபெயர்த்தல்' என்னும் தொல்காப்பியச் சொல் இருக்க, அம்முகப்பு 'பிறித்தெழுதின' என்கிறது. புலவர் ஏட்டில் இல்லாத இவ்வழக்கை அடிகளாருக்குத் தந்தவர் கரையோரத்து மக்களே எனக் கருத இடமுண்டு.