பிளேக், பிரேசர் டவுன், பிறகு ஒரு ஆஸ்பத்திரி பில்

போன வருஷம் கோடையில் அம்மாவும் அப்பாவும் நியூஜெர்சிக்கு வந்திருந்தார்கள். பெங்களூர் பிரேசர் டவுனை விட்டால் மெட்ராஸ், வேலூர், திருப்பதி என்று சுற்றி வந்த ஜோடி. மூன்றாவது வாரம், விடியற்காலையில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. 911-க்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்துக்குள் ஆம்புலன்ஸ் வாசலில். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். மாரடைப்பு இல்லை, பி.பி. எகிறியிருக்கிறது என்று மாத்திரையை மாற்றி அனுப்பிவிட்டார்கள். டாக்டர்கள், நர்சுகள் எல்லோரும் தங்கமானவர்கள். ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புறம் தபால்கள் வர ஆரம்பித்தன. ஆம்புலன்ஸுக்குத் தனி பில். எமர்ஜென்சி டாக்டருக்குத் தனி. ஆஸ்பத்திரிக்குத் தனி. ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்னவருக்குத் தனி (அவர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை!). எல்லாம் கூட்டினால் முப்பத்தெட்டாயிரம் டாலர் சொச்சம். இன்சூரன்ஸ் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்திருந்தேன். "பி.பி. ஏற்கனவே இருந்த வியாதி" என்று கையை விரித்துவிட்டார்கள்.

இந்தப் பதிவு அந்த பில்லைப் பற்றிய புலம்பல் இல்லை. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் அப்பா போனில் மெதுவாகச் சொன்னார்: "உங்கம்மாவுக்கு அங்கேயே இன்னொரு தரம் வலி வந்துச்சுடா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

தூக்கிவாரிப் போட்டது. வலியைவிட பில் பயம் பெரிதாகிவிட்டது அம்மாவுக்கு.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சின்ன வயதில் தாத்தா சொன்ன பிளேக் கதை ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் குடும்பம் அப்போது பிளாக்பள்ளியில் இருந்ததாம் (இன்றைய சிவாஜிநகர்). தாத்தாவின் பெரியப்பாவுக்கு ஜுரம் கண்டு அக்குளில் நெறி கட்டியது. வெளியே தெரிந்தால் முகாமுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று விறகு ரூமில் ஒளித்து வைத்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். அதே வீட்டில் இன்னும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள்.

பிளேக் பெங்களூருக்கு வந்தது 1898 ஆகஸ்டில், ரயிலேறி. ஒரு ரயில்வே அதிகாரியின் பட்லர்தான் முதல் நோயாளி. அதற்கு முந்தைய வருஷமே தொற்றுநோய்ச் சட்டம் வந்துவிட்டது. அந்த 1897 சட்டத்தை வைத்துக்கொண்டு யாரையும் ரயிலில் நிறுத்திச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம். நோய் கண்ட ஊரிலிருந்து மெட்ராஸ் மாகாணத்துக்குள் போகிறவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். அன்றைய பிரயாணி என்றாலே சந்தேகத்துக்குரிய ஆசாமிதான்.

விளைவு? ஜனங்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், பிணங்களை ஒளித்தார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். 1898 கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் கஞ்சாமில் கலவரமே நடந்தது. வியாதிக்குப் பயந்ததைவிட, வியாதி வந்தால் நடக்கப்போவதற்கு அதிகம் பயந்தார்கள்.

கன்டோன்மென்ட் நிர்வாகம் பிறகு வேறொரு வழிக்கும் வந்தது. நெரிசலான பேட்டைகளிலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவந்து புது ஊர் கட்டுவது. 1906-இல் அஸ்திவாரம் போட்டு 1910-இல் திறந்தார்கள். நேர்நேரான தெரு, வடிகால், காற்று வரும் வீடுகள். அப்போது மைசூரில் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் பிரேசர் பெயரை வைத்தார்கள். அதுதான் எங்கள் பிரேசர் டவுன். இன்று போர்டில் புலிகேசி நகர். இந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்த ஜே.எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரை அமைப்பது எப்படி என்று 1914-இல் ஒரு புத்தகமே போட்டார். மசூதி ரோட்டில் ரம்ஜான் மாதம் கபாப் தின்ன வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, பில்லுக்கு வருவோம். இந்த ஊரில் ஆஸ்பத்திரி பில் ஏன் இப்படி இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தேன். 1929-இல் டல்லாஸில் பேய்லர் ஆஸ்பத்திரி பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திட்டம் போட்டது. மாதம் 50 சென்ட் கட்டினால் வருஷத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரி இலவசம். அங்கே பிடித்த பழக்கம். 1942-இல் யுத்தத்துக்காகச் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆளை இழுக்க கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் இன்சூரன்ஸ் கொடுத்தன. அதற்கு வரிச்சலுகையும் கிடைத்தது. 1965-இல் வயதானவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசாங்கம் தனித் திட்டங்கள் கொண்டுவந்தது. ஆக, வேலையில் இருப்பவருக்கு ஒன்று, வயதானவருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று. பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா எந்தக் கணக்கிலும் இல்லை.

1986-இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. எமர்ஜென்சியில் வந்தவரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அம்மாவைப் பார்த்தது அந்தச் சட்டத்தின் புண்ணியம். ஆனால் பில் அனுப்பக் கூடாது என்று அது சொல்லவில்லை. பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் பேரம் பேசிக் குறைப்பதற்காகவே உயர்த்தி எழுதப்பட்ட விலைப்பட்டியல் ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கும். பேரம் பேச ஆளில்லாதவர் கையில் அந்த முழு விலை வந்து விழும். திடீர் பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் பெரும்பாலும் இங்கத்திய இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குத்தான். ரோட்டில் வரும் ஆம்புலன்ஸ் அதிலும் சேர்த்தியில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியம். 1960-களின் கடைசியில் எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்கள் உண்டு. அந்நியச் செலாவணி அவ்வளவு தட்டுப்பாடு. வெளியூரில் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊரில் நிலம் இருந்தாலும் பிரயோஜனமில்லை, டாலர் அனுப்ப வழியில்லை. 1984-இல் நம் பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம் கொண்டுவந்ததற்கு இதுவும் பின்னணி. பிரீமியம் ரூபாயில், கிளெய்ம் டாலரில். பெரிய உபகாரம்தான். ஆனால் 'ஏற்கனவே இருந்த வியாதி' என்கிற பொடி எழுத்தும் இந்தப் பாலிசிகளோடு ஒட்டிக்கொண்டது. அறுபது வயதுக்கு மேல் பி.பி., சுகர் இல்லாத ஆள் நம்மூரில் எத்தனை பேர்?

ஐரோப்பா போக விசா வாங்குபவர்கள் 2004 முதல் குறைந்தது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். அமெரிக்க டூரிஸ்ட் விசாவுக்கு அப்படி ஒன்றும் கேட்பதில்லை. விலை அதிகமான ஊரில்தான் கேள்வியே இல்லை!

வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்காக 2003 டிசம்பரில் பிரவாசி பாரதிய பீமா யோஜனா வந்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். 2017 திருத்தத்தின்படி இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் செத்தால் 10 லட்சம். வியாதியோ காயமோ வந்தால் 1 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லுக்குப் பயந்து ஜுரத்தோடு வேலைக்குப் போகிறவனை யார் தடுக்க முடியும்? நிர்க்கதியாகப் படுத்தவர்களுக்கு உதவ 2009 முதல் நம் தூதரகங்களில் ஒரு நலநிதி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

முகாம் பயத்தில் விறகு ரூமில் ஒளித்தார்கள். அம்மா பில் பயத்தில் தன் வலியைத் தனக்குள்ளேயே ஒளித்தாள். 1898-க்கு அப்புறம் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று யோசித்தால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

என் பில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஒவ்வொரு ஊசிக்கும் மாத்திரைக்கும் தனித்தனியாக விலை போட்ட விவரப் பட்டியல் கேட்டேன். எடுக்காத ஒரு டெஸ்ட் அதில் இருந்தது. லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள் நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2010 சட்டம் சொல்கிறது. அதைச் சொல்லிக் கேட்டேன். ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்றும் கேட்டேன். நாலு மாதம் போனில் தொங்கியதில் பாதிக்கும் கீழே இறங்கியது. மிச்சம் மாதத் தவணை. வீட்டம்மா கொஞ்ச நாள் பேசாமல் இருந்தது தனிக்கதை :-)

அம்மா மறுபடி வரப்போகிறாள். இந்தத் தடவை பாலிசியைப் பொடி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் எடுத்தேன். பழைய வியாதி திடீரென்று முற்றினால் பணம் உண்டா, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறதா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கினேன்.

போனில் அம்மாவிடம் சொன்னேன்: "வலி வந்தா உடனே சொல்லணும். சரியாம்மா?"

"சொல்றேன் கண்ணு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு ஆகும்டா?" என்றாள்.